பதினாறாயிரம் அடியில் ஒரு தோணி

தம்பிலுவில் களப்பின் படம் ஒன்று இருந்தால் போதும். காலிதீனின் மேசையில் அது இருபத்தொன்று கிடந்தது.

எல்லாம் அவன் விமானத்திலிருந்து பிடித்த படங்கள். பிலிமைக் கொழும்பில் கழுவி, அட்டைப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் அனுப்பியிருந்தார்கள். அம்பாறைக்கு அப்பால் உள்ள ஓடுபாதையின் தகரக் கொட்டகையில் பெட்டியைத் திறந்து, வடக்கிலிருந்து தெற்காக அடுக்கத் தொடங்கினான். கல்முனை சரியாக இருந்தது. காரைதீவு சரி, அக்கரைப்பற்று சரி. ஒவ்வொரு படமும் முந்தியதன் மேல் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக ஏறி, கூரைக்கு ஓடு வேய்ந்ததுபோல் போனது. அப்படி ஏறித்தான் கிடக்க வேண்டும். ஒரே நிலத்தை இரண்டு இடத்திலிருந்து பார்த்தால்தான் மேடு பள்ளம் தெரியும். நமக்கு இரண்டு கண் இருப்பதும் அதற்காகத்தான். போன கார்த்திகைப் புயல் குளக்கட்டுகளையும் வாய்க்கால்களையும் எங்கெங்கே உடைத்தது என்று கண்டு புதிய வரைபடம் கீற, அந்த மேடு பள்ளம் தேவைப்பட்டது.

தம்பிலுவிலில் ஓடு வேய்வது நின்றுபோயிருந்தது. கடலோரம் அதே உப்புநீர்க் களப்பு, அதே மணல் மேடு, அதே முறிந்த தென்னந்தோட்டம். படத்துக்குப் படம் ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை. இருபத்தோராவது படத்தோடு பிலிம் முடிந்துவிட்டது. அதற்குத் தெற்கே கோமாரியும் இல்லை, பொத்துவிலும் இல்லை.

விமானி அழகரெத்தினம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஊரே தம்பிலுவில்தான்.

"எங்கட ஊரில உனக்கு அப்படி என்னடாப்பா ஆசை? கலியாண வீட்டிலயும் இவ்வளவு படம் எடுக்க மாட்டானுகள்."

"சேர், அந்த இடத்தில பிளேன் கொஞ்சம் நிண்டதா?"

"நிண்டிருந்தா நீயும் நானும் இப்ப களப்புக்குள்ள இறாலுக்குச் சாப்பாடு."

காலிதீன் சிரிக்கவில்லை. கமராவைக் கழற்றிப் பார்த்தான். விமானத்தின் தரையில் வெட்டிய ஓட்டைக்கு மேல் அது இருக்கும். விசையை அழுத்தினால் ஒரு படம் பிடித்து, பிலிமை ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த அழுத்தலுக்குக் காத்திருக்கும். தானாக ஒன்றும் செய்யாது. விசையில் பிழை இல்லை. ஆகவே அழுத்தியது அவன் கைதான்.

ஆனால் அந்தக் கை ஒழுங்காக அழுத்தியதாக அவனுக்கு நல்ல ஞாபகம். இரண்டு படங்களுக்கு இடையில் விட வேண்டிய நேரத்தைக் காட்டும் கருவி பழுதாகி ஒரு மாதம் இருக்கும். அவன் தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டான். ஒரு மணிக்கு ஒரு சுப்ஹானல்லாஹ், நிதானமாக முப்பத்துமூன்று சொன்னால் விமானம் அடுத்த படத்துக்குரிய இடத்துக்குச் சரியாக வந்துவிடும். விசையை அழுத்தி, மறுபடி முதல் மணியிலிருந்து தொடங்குவான். நோன்பு மாதத்தில் அதற்கு நன்மையும் கிடைக்கும் என்று நினைத்தான். முன்பு எட்டாயிரம் அடியில் அதில் பாதி எண்ணிப் பிடித்த படங்களை எந்தக் கருவியும் குறை சொல்ல முடியாது. முதல் முறையாகப் பதினாறாயிரத்தில் பறந்த அன்றும் ஒவ்வொரு தடவையும் முப்பத்துமூன்றைச் சொல்லி முடித்தான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் வந்தால், அந்த வரிசையில் பறந்தபோது அவன் கண்ட மற்றதையும் சந்தேகிக்க வேண்டிவரும்.

அவனுடைய காக்கா, அவனுக்கு மூத்த சகோதரர் மீராமுகைதீன், புயலுக்கு முந்தின நாள் சாய்ந்தமருதுக் கரையிலிருந்து தோணியில் போனவர். தோணியும் திரும்பவில்லை, ஆளும் கரை ஒதுங்கவில்லை. ஒன்பது மாதமாகிவிட்டது. காக்காவின் மனைவி சுபைறாவை மார்க்க நீதிபதியான காதியாரிடம் அழைத்துப் போய், கணவர் மௌத்து, இறந்துவிட்டார் என்று முடிவு எடுத்து, அவளை வெள்ளை உடுத்தி விதவைக்குரிய இத்தா இருக்க வைக்கக் குடும்பம் பேசி முடித்திருந்தது. அவளும் அரை மனதோடு சம்மதித்திருந்தாள். அந்த வாரம்தான் காலிதீன் போய்ச் சொன்னான்: தம்பிலுவிலுக்கு நேரே கடலில் காக்காவின் தோணியைக் கண்டேன், காக்கா எழுந்து நின்று கை காட்டினார், எல்லாம் படத்தில் விழுந்திருக்கும்.

சுபைறா காதியாரிடம் போக மறுத்துவிட்டாள். படம் வரட்டும் என்றாள்.

படம் வந்துவிட்டது.

நோன்பு திறந்து, மஃரிபும் தொழுத பிறகு பெட்டியோடு சாய்ந்தமருதுக்குப் போனான். சுபைறாவின் தாய் ஹவ்வா உம்மா கஞ்சிக் கோப்பையை அவன் கையில் வைத்தார். சுபைறா பெட்டியைத்தான் பார்த்தாள். விளக்கைக் கிட்ட இழுத்து, அவன் கொடுத்த உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கடலின் மேல் வைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். இந்த உயரத்திலிருந்து ஒரு தோணி அரைத்த உப்பின் ஒரு துகள் அளவுக்குத்தான் விழும் என்று அவன் சொல்லிக் கொடுத்தான். அலையின் நுரை துகளாகத் தெரியாது, கோடாகத் தெரியும் என்றும் சொன்னான். அவள் கெட்டிக்காரி. கரையில் இழுத்து வைத்திருந்த தோணிகளை உடனே கண்டுபிடித்து எண்ணினாள். கடலில் ஒன்றும் இல்லை. இருபத்தொரு படத்திலும் இல்லை.

"உப்புத் துகள் அளவு தோணியில, கை காட்டினத்தக் கண்ணால கண்டீங்களா மச்சான்?"

காலிதீனுக்கு அப்போதுதான் அந்தக் கணக்கு உறைத்தது. தோணியே துகள் என்றால் கை எவ்வளவு?

"கண்டன் மச்சி. முகத்தையும் கண்டன்."

"தோணி என்ன நிறம்?"

"நீலம். காக்காட தோணி நீலம்தானே?"

சுபைறா கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"புயலுக்கு முதல் கிழமை அதுக்குப் பச்சை அடிச்ச. நீங்க அப்ப கொழும்பில. நான்தான் பெயிண்ட் வாளியத் தூக்கிட்டுப் போன."

ஹவ்வா உம்மா மெல்லச் சொன்னார்: "கடல் ஜின் அப்படித்தான் மனே. நமக்குத் தெரிஞ்ச உருவத்திலதான் வரும்."

"சும்மா இரிங்க உம்மா. ஜின்னுக்கு இந்த ஊரில வேற வேலை இல்லையா?" என்ற சுபைறா, காலிதீனை நேராகப் பார்த்தாள். "அவரக் கண்ட நேரம் உங்களுக்கு எப்படி இரிந்த?"

"சந்தோஷமா இரிந்த. அப்படியொரு சந்தோஷம் வாழ்க்கையில வரல்ல. சிரிப்புச் சிரிப்பா வந்த."

"ஒன்பது மாசமா இல்லாத ஆளக் கண்டா அழுக வரும். எனக்கெண்டா நெஞ்சு வெடிச்சிரிக்கும். நீங்க சிரிச்சிருக்கீங்க!" அவள் படங்களைப் பெட்டிக்குள் தள்ளினாள். "நீங்க கண்டது அவர் இல்ல. அப்ப ஆரக் கண்டீங்க? அதச் செல்லுங்க எனக்கு. அதத் தெரியாம நான் காதியார் முன்னுக்கு என்னெண்டு போற?"

மறுநாள் காலையில் காலிதீன் எல்லாவற்றையும் அழகரெத்தினத்திடம் சொன்னான். சந்தோஷத்தையும் சிரிப்பையும் சொன்னபோது அவர் தேநீர்க் கோப்பையை இறக்கி வைத்தார்.

"ஒட்சிசன் மூடி போட்டிருந்தனியா?"

"இல்ல சேர். நோன்பு."

"நோன்புக்கும் மூடிக்கும் என்னடா?"

ஊரில் நோன்பு நேரத்தில் சாம்பிராணிப் புகையைக்கூட இழுக்க மாட்டார்கள். மூக்குத்தூள் போடுகிறவர்கள் பகல் முழுக்க டப்பியைத் தொட மாட்டார்கள். குழாய் வைத்து ஒன்றை உள்ளே இழுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று காலிதீன் தானாகவே முடிவு செய்திருந்தான். எட்டாயிரம் அடியில் மூக்கையும் வாயையும் மூடும் அந்த மூடி தேவைப்படவில்லை. பதினாறாயிரத்திலும் மூச்சு முட்டவில்லை. முட்டினால் போடலாம் என்று கொளுக்கியில் தொங்கவிட்டிருந்தான். அவன் இருப்பது விமானியின் முதுகுக்குப் பின்னால். அழகரெத்தினம் தன் மூடியைப் போட்டுக்கொண்டு முன்னே பார்த்து ஓட்டினார்.

"மூச்சு முட்டாது," என்றார் அவர். "அதுதான் இதில உள்ள சூழ்ச்சி."

விஷயம் இதுதான். மேலே போகப் போகக் காற்றில் ஒட்சிசனின் பங்கு குறைவதில்லை. அங்கேயும் ஐந்தில் ஒன்றுதான். காற்றுத்தான் ஐதாகிவிடுகிறது. கரைவலைக்காரன் அதே வலையை அதே இடத்தில் போட்டு அதே பலத்தோடு இழுக்கிறான். கடலில் மீன் பாதியாகிவிட்டால் வலைக்குள்ளும் பாதிதான் வரும். பதினாறாயிரம் அடியில் நெஞ்சு இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அப்படிப்பட்ட வலைதான். தண்ணீருக்குள் மூழ்கியவனுக்கு மூச்சு முட்டுவது ஒட்சிசன் போதாததால் அல்ல. வெளியே விட வேண்டிய காபனீரொட்சைட்டு உள்ளே நிறைவதால். உடம்பு அதற்குத்தான் கூக்குரல் போடும். உயரத்தில் அதைத் தாராளமாக வெளியே விடலாம். ஆகவே கூக்குரல் எழாது. முதலில் பட்டினி கிடப்பது மூளை. மூளையிலும் முதலில் ஓய்ந்துபோவது, "நான் செய்வது சரியா?" என்று கேட்கும் பகுதி. அது ஓய்ந்தவனுக்கு எல்லாமே சரியாகத்தான் இருக்கும். நாலு மணி உருட்டினால் முப்பத்துமூன்று என்று தோன்றும்.

"அப்ப காக்கா?"

"மூளை வெறுமையாக் கிடக்காது தம்பி. உள்ளுக்குக் கிடக்கிறத எடுத்துப் போடும். உனக்கு உள்ளுக்கு ஆர் கிடக்கிறது?"

காலிதீன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு விளங்கியது. ஆனாலும் நம்ப முடியவில்லை. அவன் கண்ட முகம் நினைவில் வரும் முகம்போல மங்கலாக இல்லை. வெயிலில் நின்ற முகம். விளக்கத்தைக் கொண்டுபோய் சுபைறாவிடம் கொடுக்க முடியாது. பார்த்தது பொய் என்று அவனே பார்க்க வேண்டும்.

"எப்படியும் அந்த வரிசைய நாம திரும்பப் பிடிக்கணும் சேர். அதுக்கு முதல் ஒருக்கா மூடி இல்லாம இருந்து பாக்கிறன். நான் தஸ்பீஹ் செல்லுறது உங்கட காதுக்குக் கேக்கட்டும். ஒவ்வொரு முப்பத்துமூண்டுக்கும் 'எடுத்தாச்சு' எண்டு செல்லுவன். நீங்க எண்ணுங்க."

"உன்ன மயக்கி விட்டு வேடிக்கை பாக்கச் சொல்லுறியா?"

"இல்லாட்டி அந்தப் பொம்பிளைக்கு நான் என்ன சென்னாலும் அது என்ட கதைதானே?"

அழகரெத்தினம் விரலை நீட்டினார். "நான் போடு எண்ட உடன மூடி மூஞ்சியில இருக்க வேணும். இல்லையெண்டா இறக்குவன். பேச்சு வைக்கக் கூடாது."

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு காலிதீன் பள்ளிவாசலில் மார்க்கம் படித்த சீனிமுகம்மது லெப்பையிடம் போய், மூடி போட்டால் நோன்பு முறியுமா என்று கேட்டான்.

"அந்தக் குழாயில வாற சாமானுக்கு ருசி இரிக்கா?" என்றார் லெப்பை.

"இல்ல."

"புகை மாதிரி, தூள் மாதிரி ஏதும் தொண்டைக்குள்ள போகுமா?"

"காத்துதான் லெப்பை. நல்ல காத்து."

"காத்து இழுத்தா நோன்பு முறியுமெண்டா, கச்சான் காத்து வீசிற இந்த மாசத்தில ஊரில ஒருத்தருக்கும் நோன்பு இல்ல. போ, போட்டுட்டுப் போ. இன்னொண்டு, நீ பிரயாணி. நோன்ப விட்டுட்டு மறுகா வேறொரு நாள் பிடிச்சுக் கழாச் செய்யவும் அனுமதி இரிக்கி. அத ஏன் இவ்வளவு நாளும் வந்து கேக்கல்ல?"

மேற்கிலிருந்து வீசும் கச்சான் எழும்புவதற்கு முன், அடுத்த காலையில் ஏறினார்கள். கீழே சம்மாந்துறைப் பக்கத்து வயல்களில் சிறுபோக நெல் பழுத்து மஞ்சளாகக் கிடந்தது. பதினாறாயிரத்தில் விமானம் நேராகி, அங்கேயே பெரிய வட்டமாகச் சுற்றியது. குளிர் முழங்காலில் ஏறியது. காலிதீன் ஒலிவாங்கியைத் திறந்து வைத்துக்கொண்டு மணியை உருட்டினான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. "எடுத்தாச்சு" என்றான். "எடுத்தாச்சு" என்றான். முன்னாலிருந்து அழகரெத்தினம், "நகத்தப் பார்" என்றார். பார்த்தான். நகங்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. அது பயப்பட வேண்டிய விஷயம் என்று அவர் கீழே சொல்லியிருந்தார். எதற்காகப் பயம் என்பது மறந்துவிட்டது.

"வடிவா இரிக்கி சேர்."

அதற்குப் பிறகு குளிர் போய்விட்டது. இயந்திரங்களின் இரைச்சல் தூரத்தில் யாரோ நெல் குற்றுவதுபோல் ஆனது. ஓட்டையின் வழியாகக் குனிந்து பார்த்தான். சிரிப்பு வந்தது.

தோணி வயலில் நின்றது.

நீலத் தோணி. மஞ்சள் நெல்லுக்குள் அது ஆடிக்கொண்டு நின்றது. காக்கா தோணியின் முன்பக்க அணியத்தில் எழுந்து நின்று முகத்தை நிமிர்த்தினார். இடுப்பில் சாரனை மடித்துக் கட்டியிருந்தார். மண்ணெண்ணெய் மணத்தது. வா என்று கூப்பிடவில்லை. நீ வருவாய் என்று எனக்குத் தெரியும் என்பதுபோல் கை காட்டினார்.

"எடுத்தாச்சு," என்றான் காலிதீன். "எடுத்தாச்சு. எடுத்தாச்சு."

"காலிதீன், மூடியப் போடு."

"ஓம் சேர். போட்டுட்டன்."

அவன் போட்டிருந்தான். றப்பர் கன்னத்தில் பட்டதும் அவனுக்குத் தெரிந்தது. ஆனால் மூடிக்குள்ளிருந்து பேசும் குரல் பானைக்குள் இருந்து வருவதுபோல் இருக்கும். அழகரெத்தினத்தின் காதில் விழுந்தது திறந்த வாயின் குரல்.

"மூடிய மூஞ்சில போடு!"

"போட்டுட்டன் எண்டு சென்னனே சேர்."

விமானத்தின் மூக்குக் கீழே சாய்ந்தது. தோணி தள்ளாடியது. காலிதீன் தரையில் கையை ஊன்றிக் கத்தினான்.

"கீழ போகாதீங்க சேர்! காக்கா நிக்கிறார்! அந்த மனிசன இன்னொருக்கா விட்டுட்டுப் போகாதீங்க!"

அழகரெத்தினம் இன்னும் சாய்த்தார். உயரம் கரைந்தது. பதின்மூன்றாயிரம், பன்னிரண்டு. காக்காவின் முகம் முதலில் போனது, பிறகு கை, பிறகு தோணியின் நீலம். அது நின்ற இடத்தில் இரண்டு வாய்க்கால்கள் கூடும் மூலை ஒன்று, கதிர் அறுத்து வெறுமையாகக் கிடந்தது. குளிர் திரும்பி வந்தது. காதைப் பிளக்கும் இரைச்சல் திரும்பி வந்தது. காலிதீன் தன் முகத்தைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. மூடி கொளுக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. தஸ்பீஹ் காலடியில் கிடந்தது. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

அப்போதுதான் அழுகை வந்தது.

"முதல் ரெண்டு தரமும் முப்பத்துமூண்டு," என்றார் அழகரெத்தினம், அவன் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு. "மறுகா பதினொண்டு. மறுகா நாலு. கடைசியில நீ எண்ணவே இல்ல. ஒண்டும் சொல்லாம எடுத்தாச்சு, எடுத்தாச்சு எண்டுகொண்டு இருந்தாய். எங்கட ஊர இருபத்தொரு தரம் பிடிச்சதும் இப்படித்தான்." பிறகு கேட்டார்: "வீட்ட போவமா?"

"இல்ல சேர். வரிசையப் பிடிப்பம்."

இந்தத் தடவை ஏறும்போதே மூடியைப் போட்டான். விமானி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். பானைக்குள்ளிருந்து குரல் வந்தது. தம்பிலுவில் ஒரு முறை வந்து, ஒரு முறை போனது. திருக்கோவில் போனது. கோமாரியில் வெள்ளை மணலும், அதற்கு அப்பால் கடலும் அவன் கண்ணைக் கூசவைக்கும் தெளிவோடு விரிந்தன. அந்த நிறங்கள் அன்று இருந்ததாக அவனுக்கு ஞாபகமே இல்லை. முப்பத்துமூன்று சொல்லி விசையை அழுத்தினான். இடையில் கடலைத் தேடினான். ஓரிடத்தில் இரண்டு துகள்கள், கரையை நோக்கிப் போகும் தோணிகள். யாருடையவை என்று தெரியாது. அவற்றில் ஆள் இருப்பதும் தெரியாது. மற்றபடி கடல் வெறுமையாக இருந்தது. பொத்துவில் வரை அப்படியே இருந்தது.

அன்று மாலை சுபைறா பெட்டி எங்கே என்று கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாயை விரித்தாள். அவன் ஒன்றும் விடாமல் சொன்னான்: வலையும் மீனும், நகமும், எண்ணிக்கையும்.

"அதே தோணிதான் மச்சி. அதே நீலம். ஆனா இந்தத் தரம் வயலுக்குள்ள நிண்ட."

"வயலுக்குள்ளயா?"

"ஓம். சம்மாந்துறை வயலுக்குள்ள."

"அந்த மனிசன் சேத்தில கால் வைக்கவே அருவருக்கிற ஆள்," என்று சுபைறா சிரித்தாள். ஒரு தடவைதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியும் இடத்தில் அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஹவ்வா உம்மா எழும்பி வந்து மகளின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். காலிதீன் முற்றத்துக்குப் போய் நின்றான். இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

அவன் செருப்பை மாட்டும்போது அவள் கதவடிக்கு வந்தாள்.

"பெருநாள் முடிய காதியாரிட்டப் போறன். வெள்ளை உடுக்கிறன்." பிறகு கேட்டாள். "நீங்க இன்னும் மேல போவீங்களா?"

"ஓம் மச்சி. இன்னும் அஞ்சு வரிசை கிடக்கு."

"அவர் திரும்ப வந்து நிண்டா? உங்களுக்கு அவரப் பாக்க ஆசைதானே. எனக்குத் தெரியும். நீங்க மூடியக் கழட்டிப் போட்டுட்டுப் பாத்துட்டு இருந்தா? ஒரு வீட்டில ரெண்டு மௌத்து எனக்குத் தாங்கேலா. என்ன செய்வீங்க எண்டு சரியாச் செல்லுங்க."

காலிதீன் சரியாகச் சொன்னான்.

"பத்தாயிரம் அடிக்கு ஏற முதல், புத்தி நம்மட கையில இரிக்கக்குள்ளயே மூடியப் போடுவன். வேணுமெண்டு தெரிஞ்சாப் பாப்பம் எண்டு இரிக்கேலா. அந்த நேரம் நமக்குத் தெரியாது. கீழ இறங்கும்வரைக்கும் அத நான் கழட்டுறல்ல. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா சேர் என்னக் கதைக்கச் செல்லுவார். குரல் மூடிக்குள்ள இருந்து வரல்லையெண்டா, நான் என்ன சென்னாலும் கேக்காம பிளேனக் கீழ இறக்குவார்."